மண் நீக்கிய வேரோடு மரம் பெயர்த்தல்: செட்டிநாட்டுத் தரையில் எது பிழைக்கும்?

காரைக்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான், கோட்டையூர் பக்கம் ஒரு பழைய வீட்டைப் பிரிக்கும்போது எதையெல்லாம் கழற்றி எடுக்கலாம் என்பதில் யாருக்கும் ஐயம் வருவதில்லை. பர்மாத் தேக்குத் தூண், நிலைக்கதவு, ஆத்தங்குடிக் கல், பீங்கான் சாமான், எனாமல் தூக்குவாளி வரை எல்லாவற்றுக்கும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் ஒரு விலை இருக்கிறது. பின்கட்டில் கிணற்றடியில் நிற்கும் ஈழத்தலரிக்கும் பவழமல்லிக்கும்தான் விலை இல்லை. ஜேசிபி உள்ளே வர வழி செய்யும்போதே அவை சாய்ந்துவிடுகின்றன. இரண்டு தலைமுறை பூப் பறித்த மரம் ஒரு காலைப் பொழுதில் விறகாகிவிடுவதைப் பார்க்க மனம் ஒப்பவில்லை.

அந்த மரத்தையும் கொண்டுபோக முடியாதா என்று கேட்டால் இரண்டு பதில்கள் கிடைக்கும். ஒன்று, தாய்மண்ணோடு பெரிய உருண்டையாகத் தோண்டி, சாக்குச் சுற்றி, கிரேன் வைத்துத் தூக்க வேண்டும், செலவு தாங்காது. மற்றது, தோட்ட வேலை தெரிந்த பெரியவர்கள் சொல்வது: வேரில் ஒட்டிய மண் உதிர்ந்தால் மரம் போய்விடும், ஆசையை விட்டுவிடுங்கள். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் மண்ணை முழுக்க நீக்கிவிட்டு, வேரை மட்டும் நீளமாகக் காப்பாற்றி, வளர்ந்த மரத்தைப் பெயர்க்கும் முறை ஒன்றும் இருக்கிறது. சரளையும் செம்புராங்கல்லும் கலந்த நம் தரையில், சில மரங்களுக்கு, தாய்மண்ணோடு எடுப்பதைவிட அதுவே ஏற்றது என்பது என் முடிவு. எல்லா மரத்துக்கும் அது ஆகாது.

வேரை அலசி நடுவது நமக்குப் புதிதில்லை. நாற்றங்காலில் நாற்றைப் பறித்து, வேரைத் தண்ணீரில் அலசி, முடியாகக் கட்டி, வயலில் நடுவதும் இதேதான். நட்ட நாற்று சில நாள் வாடி, மஞ்சளித்து, பிறகு பச்சை கட்டுகிறது. அந்த வாட்டத்தில் நடப்பது என்ன என்று தெரிந்தால் பெரிய மரத்தின் பாடும் விளங்கிவிடும்.

தடித்த வேர்கள் மரத்தை நிறுத்திப் பிடிக்கின்றன, மாவுச்சத்தைச் சேமித்து வைக்கின்றன, வந்த தண்ணீரைக் கடத்துகின்றன. தண்ணீரை உறிஞ்சுவது பெரும்பாலும் சல்லிவேர்களின் நுனிப்பகுதியும் அதில் அரும்பியிருக்கும் வேர்த்தூவிகளும். ஒரு வேர்த்தூவி என்பது ஒரே ஒரு செல்லின் நீட்சி. மண்துகளோடு ஒட்டிக்கொண்டு வாழும் அது, மண்ணைப் பிரித்தால் அறுந்துவிடும். வெயில் பட்டால் சில நிமிடங்களில் காய்ந்துவிடும். வேரோடு கூடி வாழும் பூஞ்சை இழைகளும் கூடவே அறுகின்றன. மேலே இலைகளோ வழக்கம்போல நீரை ஆவியாக விட்டுக்கொண்டிருக்கும். தண்டுக்குள் தண்ணீர் அறுபடாத இழையாக மேலே இழுபடுகிறது. கீழே வரத்து நின்று மேலே இழுப்பு தொடர்ந்தால் அந்த இழை அறுந்து, குழாய்க்குள் காற்றுக்குமிழ் புகுந்துவிடும். அடைபட்ட குழாயால் அதற்குப் பிறகு பெரும்பாலும் பயனில்லை. இலை கருகுவதும் நுனிக்கொம்பு காய்ந்து கீழ்நோக்கி இறங்குவதும் இப்படித்தான்.

ஆகவே பெயர்த்த மரம் பிழைப்பது ஒரு போட்டியைப் பொறுத்தது. தண்டிலும் தடித்த வேரிலும் இருக்கும் தண்ணீரும் மாவுச்சத்தும் தீர்வதற்குள் புதுச் சல்லிவேர் விட்டாக வேண்டும். இலை குறைவாக இருந்தால், காற்றில் ஈரம் இருந்தால், தண்டில் கையிருப்பு அதிகமாக இருந்தால், மரத்துக்கு அவகாசம் கூடும். மண் ஒட்டியிருப்பது இந்தக் கணக்கில் ஒரு வரவு. அது ஒன்று மட்டுமே வரவு என்று நினைப்பதில்தான் பிழை.

தாய்மண்ணோடு எடுப்பதன் நன்மை என்ன, எவ்வளவு என்று பார்ப்போம். மரம் பெயர்ப்பவர்களின் பொதுவான கணக்கு, தண்டின் விட்டத்தைப் போலப் பத்து முதல் பன்னிரண்டு மடங்கு அகலத்துக்கு மண் உருண்டை வேண்டும் என்பது. தண்டு 20 சென்டிமீட்டர் என்றால் உருண்டை இரண்டு மீட்டருக்குக் குறையக் கூடாது. ஆனால் மரத்தின் பக்கவேர்கள் கிளை விரிந்த எல்லையைத் தாண்டி, அதைப் போல இரண்டு மூன்று மடங்கு தூரம்கூடப் போயிருக்கும். உறிஞ்சும் வேர்களில் பெரும்பாலானவை மேல்மண்ணின் ஒன்றரை அடிக்குள், தண்டிலிருந்து வெகுதூரத்தில் பரவிக் கிடக்கின்றன. எனவே அந்த இரண்டு மீட்டர் உருண்டைக்குள் வருவது மொத்த வேரில் சிறு பங்குதான். மீதி, மண்வெட்டி பட்ட இடத்தோடு போய்விடுகிறது. இந்தச் சிறு பங்கைத் தூக்க எவ்வளவு கனம் சுமக்கிறோம் என்றும் பாருங்கள். இரண்டு மீட்டர் அகலம், முக்கால் மீட்டருக்குச் சற்று மேல் ஆழம், கீழே குறுகிய உருண்டை. ஈரமண் ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 1,700 கிலோ என்று வைத்தால் மூன்று டன்னை ஒட்டி வரும். கிரேன் இல்லாமல் அதை அசைக்க முடியாது. முகப்பிலிருந்து பின்கட்டு வரை ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்கு நீண்டு கிடக்கும் நம் வீடுகளில், தோட்டத்துக்குள் கிரேன் நுழையச் சுற்றுச்சுவரை இடிக்க வேண்டியிருக்கும்.

அதைவிடப் பெரிய தடை நம் மண். உருண்டை உருண்டையாக நிற்க மண்ணில் களி வேண்டும். கண்மாயை ஒட்டிய கரம்பை மண்ணில் அது சாத்தியம். ஈரப்பதம் பார்த்து வெட்டினால் கட்டியாக வரும். சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களின் மேட்டு நிலத்தில், மேலே ஓரிரு அடி செம்மண், கீழே சரளை, அதற்கும் கீழே செம்புராங்கல் என்று இருக்கும் இடங்களில் உருண்டை நிற்பதில்லை. சாக்குச் சுற்றிக் கயிறு இறுக்கும்போதே விரிசல் விடும். தூக்கும்போது பாதி கொட்டும். கொட்டும் மண் சும்மா கொட்டுவதில்லை, தன் கனத்தோடு சல்லிவேரையும் பிய்த்துக்கொண்டு போகிறது. வெளியே பார்த்தால் சாக்குக்குள் உருண்டை இருப்பது போலத் தெரியும். உள்ளே வேர்கள் கிழிந்து, காற்றுப் பொந்துகளோடு கிடக்கும். தாய்மண்ணோடு கொண்டுவந்தும் மரம் பட்டுப்போனது என்று கேள்விப்படும் இடங்களில் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். உடைந்த உருண்டையில், மண்ணோடு எடுப்பதன் பயனும் இல்லை, மண் நீக்கி எடுப்பதன் பயனும் இல்லை.

மண் நீக்கி எடுப்பதன் பயன் என்ன? முதலாவது, நீளம். மண்ணை வெட்டாமல் வேரைப் பின்தொடர்ந்து மண்ணை மட்டும் விலக்கிக்கொண்டே போனால், உருண்டைக்கு வெளியே இருக்கும் வேரையும் ஓரளவு முழுதாக எடுக்கலாம். வேர்த்தூவி போகும், ஆனால் புதுச் சல்லிவேர் முளைப்பதற்கான இடங்களும் சேமித்த மாவுச்சத்தும் கூடுதலாக மிஞ்சும். இரண்டாவது, கண்ணால் பார்க்கலாம். தண்டைச் சுற்றி வளைந்து கழுத்தை நெரிக்கும் வேர், கறையான் அரித்த வேர், அழுகிய வேர் எல்லாம் தெரியும், அங்கேயே சீர்செய்துவிடலாம். மூன்றாவது, மண்ணுக்கும் மண்ணுக்கும் இடையிலான சுவர் இல்லாமல் போகிறது. களி உருண்டையைச் சரளைக் குழியில் வைத்தால் ஊற்றிய தண்ணீர் உருண்டைக்குள் இறங்காமல் பக்கவாட்டில் வழிந்துவிடும். குழி ஈரமாக இருக்கும், மரம் தாகத்தில் சாகும். மண் நீக்கிய வேர், போன இடத்து மண்ணோடு நேரடியாக ஒட்டுகிறது.

இந்தச் சிந்தனைக்கு இருநூறு ஆண்டு வரலாறு உண்டு. ஸ்காட்லாந்தில் ஆலன்டன் என்ற பண்ணையின் உரிமையாளர் சர் ஹென்றி ஸ்டூவர்ட் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வளர்ந்த மரங்களை இப்படிப் பெயர்த்து நட்டார். வேரையும் கிளையையும் வெட்டிக் குறைத்துக் கொண்டுபோவதே வழக்கமாக இருந்த காலத்தில், மண்ணைக் குத்திக் குத்தி உதிர்த்து வேரை நீளமாக எடுத்து, இரண்டு சக்கரம் கோத்த நீண்ட மரத்தடியில் சாய்த்துக் கட்டிக் கொண்டுபோனார். கிளையை வெட்டக் கூடாது என்பது அவருடைய பிடிவாதம். நம் காலத்தில் அமெரிக்காவில் அழுத்தக் காற்றைப் பீய்ச்சி மண்ணை ஊதித் தள்ளும் கருவி வந்த பிறகு, இந்த முறை பெரிய மரங்களுக்கு மறுபடியும் புழக்கத்துக்கு வந்தது. காற்று, மண் துகள்களுக்கிடையே புகுந்து மண்ணை உடைக்கிறது. வேர் பெருமளவு அப்படியே நிற்கிறது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் நீனா பாசுக் தலைமையிலான குழு, சாலையோரத்துக்கான இளமரங்களை மண் இல்லாமல் எடுத்து, தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் ஜெல் கரைசலில் வேரை முக்கி நடும் முறையைப் பரப்பியது. செலவு குறைவு, கனம் குறைவு, தன்னார்வலர்களே தூக்கி நடலாம் என்பது அதன் பலம்.

அவர்களுடைய அறிவுரையை அப்படியே எடுத்துக்கொள்வதில் ஓர் ஆபத்து இருக்கிறது. அங்கே இந்த வேலையை மரம் இலையுதிர்த்து உறங்கும் காலத்தில் செய்கிறார்கள். இலை இல்லை, குளிர், தரையில் ஈரம். மரம் விழிக்கும்போது வசந்தம் வந்துவிடுகிறது. மூன்று சாதகங்களும் ஒரே நேரத்தில் கூடுகின்றன. செட்டிநாட்டில் அவை கூடுவதே இல்லை. இங்கே மரங்கள் இலையுதிர்ப்பது தை, மாசியில். அதை அடுத்து வருவது பங்குனி வெயில், பிறகு சித்திரையின் கத்திரி. இலை இல்லாத காலம் இருக்கிறது, ஆனால் அதன் முதுகில் வறட்சி உட்கார்ந்திருக்கிறது. மாறாக ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி அப்போதுதான். காற்றில் ஈரம், மேகமூட்டம், மிதமான சூடு. ஆனால் மரம் முழு இலையோடு நிற்கும். எந்த மாதத்தில் பெயர்ப்பது என்ற கேள்விக்கு ஒரே விடை இல்லாமல் போவது இதனால்தான். மரத்தின் சுபாவத்தைப் பார்த்துத்தான் மாதத்தைக் குறிக்க வேண்டும்.

ஈழத்தலரியை எடுத்துக்கொள்வோம். நர்சரியில் ப்ளுமேரியா என்று கேட்கும் மரம் இதுதான். நடு அமெரிக்காவையும் கரீபியத் தீவுகளையும் சேர்ந்த இது, எப்போதோ வந்து நம் கோயில் நந்தவனங்களிலும் வீட்டுத் தோட்டங்களிலும் ஊன்றிவிட்டது. மண் நீக்கிப் பெயர்ப்பதற்கென்றே பிறந்தது போன்ற உடல் அமைப்பு இதற்கு. தண்டும் கிளையும் சதைப்பற்றானவை; தண்ணீரையும் உணவையும் தேக்கி வைத்திருக்கின்றன. வேர் ஆழமாகப் போவதில்லை, கயிறு போலப் பக்கவாட்டில் ஓடுகிறது. வறட்சி காலத்தில் இலையை முழுக்கக் கொட்டிவிட்டுக் கொம்பும் குச்சியுமாகச் சும்மா இருக்கும். அந்த நேரத்தில் தோண்டி, மண்ணை உதறி, நிழலில் பல நாள் போட்டு வைத்தாலும் சாகாது.

ஆனால் இதற்கு விதி தலைகீழ். மற்ற மரத்துக்கு வேர் காயக் கூடாது. ஈழத்தலரிக்கு வெட்டுவாய் காய வேண்டும். வெட்டிய இடங்களில் பால் வடிந்து நின்று, தோல் கட்டிய பிறகே மண்ணில் வைக்க வேண்டும். பச்சைப் புண்ணோடு ஈரக்குழியில் இறக்கினால் அழுகல் நுழைந்து, வேரிலிருந்து தண்டுக்கு ஏறும். இதை ஐப்பசி மழையில் பெயர்ப்பது தவறு. மாசியின் பிற்பகுதியில், கொம்பு நுனியில் புது இலை எட்டிப் பார்ப்பதற்குச் சற்று முன்பு பெயர்ப்பது நல்லது. நட்டபின் மண் இறுகும் அளவுக்கு ஒருமுறை தண்ணீர். பிறகு இலை விரியும் வரை மிகக் குறைவாக. இலை இல்லாத மரம் தண்ணீர் குடிக்காது. தேங்கும் ஈரம் வேருக்குத்தான் கேடு. பாசம் மிகுந்து தினமும் குடம் குடமாக ஊற்றுவதில்தான் ஈழத்தலரிகள் அதிகம் சாகின்றன. பெயர்க்கும் முன் தண்டில் தெற்குப் பக்கத்தைச் சுண்ணாம்பால் குறித்துக்கொண்டு, புது இடத்திலும் அதே பக்கம் தெற்கு நோக்க நட வேண்டும். இதுவரை நிழலில் இருந்த பட்டையைத் திடீரென்று மேற்கு வெயிலில் காட்டினால் வெந்து வெடிக்கும். தண்டு முழுவதும் சுண்ணாம்பு அடிப்பது இன்னும் பாதுகாப்பு. கொம்புகள் எளிதில் முறிபவை. வைக்கோல் பிரியால் தளர்வாகச் சேர்த்துக் கட்டிக்கொள்ளுங்கள். பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு குடும்பம், போத்து நட்டால் தழைக்கும் மரங்கள். பூவரசு, கல்யாண முருங்கை, கிளுவை, ஆல், அரசு. வேலிக்கும் நிழலுக்கும் கையளவு தடித்த போத்தை வெட்டி ஊன்றி மரமாக்கும் பழக்கம் இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்தது. வேரே இல்லாத துண்டு தானே வேர்விட்டுக்கொள்ளும் என்றால், மண் நீங்கிய வேர்களோடு வரும் முழு மரத்துக்கு அதைவிட நல்ல வாய்ப்பு இருக்கிறது. இவற்றைப் பருவமழைத் தொடக்கத்தில், இலையை உருவிவிட்டுப் பெயர்க்கலாம். ஆல், அரசில் மிகப் பெரிய மரம் வேண்டாம். அவற்றின் போத்தே போதும், சில ஆண்டுகளில் நிழல் தரும்.

பவழமல்லி, மந்தாரை போன்ற சிறுமரங்கள் நடுத்தரம். தண்டு நான்கைந்து அங்குலத்துக்குள் இருந்தால், முன்கூட்டியே தயார் செய்தால், மண் நீக்கி எடுக்கத் துணியலாம். மரமல்லி வேரிலிருந்தே கன்று விடும்; தாய் மரத்தோடு போராடாமல் அந்தக் கன்றை எடுத்து வைப்பது புத்திசாலித்தனம். மகிழத்தை நான் மண் நீக்கி எடுக்கச் சொல்ல மாட்டேன். என்றும் பசுமையான அடர்ந்த இலை, மெதுவான வளர்ச்சி, இறுகிய மரம். இலையைத் தானாகக் கொட்டி ஓய்வெடுக்கும் பழக்கம் இல்லாத மரத்துக்குத் தாகத்தைத் தாங்க வழியில்லை. கரம்பையில் நிற்கும் மகிழமானால் ஓராண்டு தயார் செய்து தாய்மண்ணோடு எடுக்கலாம். சரக்கொன்றை, இலுப்பை, மருதம் போன்றவை முதிர்ந்த பிறகு எந்த முறைக்கும் எளிதில் இணங்காது. சரக்கொன்றைக்கு விதையே சிறந்த வழி. விதையின் ஓடு கடினம், ஒரு முனையைத் தரையில் தேய்த்து ஊற வைத்தால் முளைக்கும். தென்னை, பாக்கு, அலங்காரப் பனை வகைகளின் வேர் அமைப்பே வேறு. அவற்றுக்கு மண் நீக்கும் முறை பொருந்தாது.

வேலையைத் தொடங்க வேண்டியது பெயர்க்கும் நாளுக்கு ஓராண்டுக்கு முன். வீட்டைப் பிரிக்கும் தேதி குறித்த பிறகு மரத்தை நினைப்பதால்தான் பாதி மரங்கள் தோற்கின்றன. தண்டைச் சுற்றி, தண்டின் விட்டத்தைப் போல ஐந்தாறு மடங்கு தூரத்தில் வட்டம் போட்டு, அந்த வட்டத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒன்றுவிட்டு ஒன்றாகப் பள்ளம் பறிக்க வேண்டும். குறுக்கே வரும் வேர்களைக் கூரான ரம்பத்தால் சுத்தமாக அறுத்து, பள்ளத்தை மக்கிய தொழுவுரமும் மணலும் கலந்த மண்ணால் மூடி ஈரம் காக்க வேண்டும். நான்கைந்து மாதம் கழித்து மீதித் துண்டுகளை அதேபோல. அறுத்த வாயிலிருந்து கொத்துக் கொத்தாகப் புதுச் சல்லிவேர் கிளம்பும். பெயர்க்கும் நாளில் நமக்குக் கிடைக்கும் உண்மையான கையிருப்பு இதுதான். ஈழத்தலரிக்கும் போத்து மரங்களுக்கும் இந்த முன்வேலை இல்லாமலும் சமாளிக்கலாம். மற்றவற்றுக்கு இதை விட்டுவிட்டுச் செய்வதை மரம் பெயர்த்தல் என்றே நான் சொல்ல மாட்டேன்.

புதுக் குழியையும் முன்பே வெட்டி வைக்க வேண்டும். குழி ஆழமாக இருப்பதைவிட அகலமாக இருப்பது முக்கியம். எடுத்த வேரை மடக்காமல் விரித்து வைக்க இடம் வேண்டும். செம்புராங்கல் தரையில் ஒரு சோதனை அவசியம்: குழியில் தண்ணீர் நிரப்பி மறுநாள் பாருங்கள். தண்ணீர் அப்படியே நின்றால் அடியில் கல் பாளம் இருக்கிறது. கடப்பாரையால் அதைப் பல இடத்தில் பிளந்துவிட வேண்டும், அல்லது இடத்தை மாற்ற வேண்டும். மழைக்காலத்தில் அந்தக் குழி தொட்டியாகி வேரை மூழ்கடிக்கும்.

பெயர்க்கும் நாளுக்கு முந்தைய இரண்டு நாள் மரத்துக்கு நன்றாகத் தண்ணீர் கட்டி ஊற விடுங்கள். மறுநாள் வேலை அதிகாலையிலோ மேகமூட்டமான நாளிலோ. வட்டத்துக்கு வெளியிலிருந்து தொடங்கி உள்நோக்கி வர வேண்டும். மண்வெட்டி வெளிவட்டத்தோடு நிற்கட்டும். உள்ளே களைக்கொத்தும் குச்சியும் கையும், கூடவே ஹோஸ் தண்ணீரும். சரளையைத் தண்ணீர் பீய்ச்சிக் கரைப்பது எளிது. கிணறு வெட்டுகிறவர்களின் டிராக்டர் கம்ப்ரசர் நம் ஊர்களில் பழக்கமானது. வெளிநாட்டில் மண் ஊதும் கருவிகளுக்குத் தேவைப்படும் சதுர அங்குலத்துக்கு 90 பவுண்டு அழுத்தத்தை ஒட்டியே அதுவும் காற்றைத் தரும். குறுகிய வாய் பொருத்தினால் அதைக்கொண்டே மண்ணை ஊதலாம் என்பது என் எண்ணம். சரளைக் கல் தெறிக்கும் என்பதால் கண்ணாடி போடாமல் யாரும் பக்கத்தில் நிற்கக் கூடாது.

வெளிவந்த வேரை நொடிகூட வெயிலில் விடாதீர்கள். ஒருவருக்கு வேறு வேலையே வேண்டாம், நனைந்த சாக்கை வேர்மேல் போர்த்திக்கொண்டே வர வேண்டும். நீளமான வேர்களைச் சேர்த்துத் தளர்வாகக் கட்டிச் சாக்கில் சுற்றுங்கள். முழுக்க விடுபட்டதும், கண்மாய்க் கரம்பையைத் தண்ணீரில் குழம்பாகக் கரைத்து வேரில் பூச வேண்டும். கார்னெல் ஜெல் செய்யும் வேலையை இது செய்யும். (ஈழத்தலரிக்கு இந்த இரண்டும் வேண்டாம் என்பதை மறந்துவிடக் கூடாது.) மூன்று டன் உருண்டை இல்லாததால் எட்டு அங்குலத் தண்டுள்ள மரமும் சில நூறு கிலோதான்; மூன்று கால் நட்டு, செயின் பிளாக் மாட்டி, பத்துப் பேர் தாங்கினால் டிராக்டர் டிரெய்லரில் ஏற்றிவிடலாம். சங்கிலி பட்டையில் நேராகப் படக் கூடாது. சாக்கைப் பல மடிப்பாகச் சுற்றி அதன்மேல் அகலமான பெல்ட் போட வேண்டும். பட்டை ஒரு சுற்று உரிந்தால் வேரை எவ்வளவு காப்பாற்றியும் வீண்.

நடும்போது முக்கியம், தண்டு அகன்று வேராக மாறும் கழுத்து தரைமட்டத்துக்கு மேல் தெரிய வேண்டும். மரம் ஆடாமல் இருக்கட்டும் என்று ஓரடி ஆழம் கூட்டிப் புதைப்பது பரவலான தவறு. கழுத்து மூச்சுமுட்டி அழுகும். குழி நடுவில் சிறு மேடு செய்து அதன்மேல் மரத்தை உட்கார வைத்து, வேரைச் சுற்றிலும் விரித்து, தோண்டிய மண்ணையே போட்டு, தண்ணீர் ஊற்றிச் சேறாக்கிக் குச்சியால் கிளறிப் பொந்துகளை மூட வேண்டும். பழைய இடத்து மண் இரண்டு மூன்று கூடை கொண்டுவந்து கலந்தால் வேர்ப்பூஞ்சையும் உடன்வரும். மக்காத சாணியும் ரசாயன உரமும் குழிக்குள் போகக் கூடாது. வெட்டுப்பட்ட வேருக்கு அந்தச் சூடு ஆகாது.

கிளை வெட்டுவது பற்றி ஒரு வார்த்தை. சாலை விரிவாக்கத்தில் பெயர்க்கும் மரங்களை மொட்டைத் தடியாக்கி நடுவதைப் பார்த்து, அதுதான் முறை என்று பலர் நினைக்கிறார்கள். மொட்டையடித்த ஆலும் அரசும் துளிர்ப்பதற்குக் காரணம் அவற்றின் இயல்பு. வேர் வளர்ச்சியைத் தூண்டும் வளரூக்கி தளிர் நுனிகளில் உண்டாகிறது. வேர் வளர உணவு இலையிலிருந்து வருகிறது. கிளையை எல்லாம் வெட்டினால் இரண்டையும் இழக்கிறோம். தண்ணீருக்குக் குறைவில்லாத இடத்தில் கிளை குறைப்பதால் பெரிய பயனில்லை என்றே வெளிநாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம் காற்றின் வறட்சிக்கு நடுவழி, கிளையை விட்டுவிட்டு இலையில் பாதிக்கு மேல் கையால் உருவிவிடுவது. கிளையின் அழகும் நிற்கும், அரும்பும் நிற்கும்.

மண் உருண்டை இல்லாத மரத்துக்கு அடியில் கனம் இல்லை. வாடைக்காற்றில் சற்று அசைந்தாலும் புதிதாக விட்ட சல்லிவேர் அறுந்துவிடும். மூன்று பக்கமும் முளையடித்து, தண்டுக்குச் சாக்குப் பட்டை கொடுத்து, கயிறு கட்ட வேண்டும். தண்டில் வைக்கோல் பிரி சுற்றி, காலை மாலை தெளித்து ஈரமாக வைப்பது முதல் கோடைக்கு நல்ல கவசம். தரையில் சருகு மூடாக்கு, ஆனால் கழுத்தைத் தொடாமல். செம்மண்ணில் கறையான் வெட்டுப்பட்ட வேரைத் தேடி வரும். மூடாக்குக்கு அடியில் வேப்பம் புண்ணாக்கு போட்டு, வாரம் ஒருமுறை விலக்கிப் பார்க்க வேண்டும்.

தண்ணீர்க் கணக்கு, தண்டின் விட்டத்தில் ஓர் அங்குலத்துக்கு ஒரு தடவையில் ஐந்து முதல் பத்து லிட்டர். எட்டு அங்குல மரத்துக்கு மூன்று முதல் ஐந்து குடம். முதல் சில வாரம் மழையில்லாத நாளெல்லாம், பிறகு மண்ணைத் தோண்டிப் பார்த்து இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை. குளிர்நாடுகளில் அங்குலத்துக்கு ஓராண்டு ஆகும் மரம் பழையபடி வேரூன்ற. புளோரிடா போன்ற சூடான இடங்களில் அதே அங்குலத்துக்குச் சில மாதங்களே போதும் என்று அங்குள்ள பல்கலைக்கழகம் கண்டிருக்கிறது. நமக்கும் சூடு உண்டு, ஆனால் ஈரத்தை நாம்தான் கொடுக்க வேண்டும். எட்டு அங்குல மரத்துக்கு இரண்டு கோடை தண்ணீர் ஊற்றத் தயாராக இல்லாத இடத்துக்கு அதைக் கொண்டுபோக வேண்டாம். பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கும், படையலுக்கு மட்டும் ஆட்கள் கூடும் தோட்டத்துக்கும் இது பொருந்தாது. பள்ளி, கோயில் நந்தவனம், ஆள் குடியிருக்கும் வீடு இவையே ஏற்ற இடங்கள்.

மரம் நிற்பது சொந்த நிலமா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஊரணிக்கரை, சாலையோரம், புறம்போக்கு என்றால் மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி இல்லாமல் கை வைக்கக் கூடாது.

நட்ட மரம் முதல் துளிரை விட்டதும் பிழைத்துவிட்டது என்று கொண்டாடத் தோன்றும். அந்தத் துளிர் பெரும்பாலும் தண்டில் இருந்த பழைய சேமிப்பில் வந்தது. அதை நம்பித் தண்ணீரை நிறுத்தினால் கத்திரியில் கருகும். இரண்டாம் முறை விடும் தளிர் முழு அளவு இலையாக விரிந்து, கொம்பு நுனி கையளவு நீண்டிருந்தால்தான் கீழே வேர் பிடித்திருக்கிறது என்று பொருள். அப்போது ஒரு கயிற்றைத் தளர்த்தி, தண்டைக் கையால் மெல்ல அசைத்துப் பாருங்கள். கழுத்தருகே மண் விரிசல் விட்டால் கயிறு இன்னொரு பருவமழை வரை இருக்கட்டும். விரிசல் இல்லையென்றால் மூன்று கயிற்றையும் அவிழ்த்துவிடலாம்.